எழுத்தால் நிலைத்த பல்கேரியா

ஐரோப்பாவின் தென்கிழக்கில், வடக்கே டான்யூப் ஆறும் கிழக்கே கருங்கடலும் எல்லையாக அமைய, பால்கன் மலைத்தொடரை நடுவே தாங்கி நிற்கும் நாடு பல்கேரியா. சோபியா அதன் தலைநகர். பரப்பு ஏறத்தாழ 1,11,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டினும் சற்றுச் சிறியது. கசன்லிக் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் பறித்த ரோஜா மலர்களிலிருந்து வடிக்கும் எண்ணெய் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அந்நாட்டு மக்கள் மலரினும் மேலாகப் போற்றுவது தம் எழுத்தையே. ஆண்டுதோறும் மே 24ஆம் நாளை எழுத்துக்கும் கல்விக்கும் உரிய திருநாளாக அவர்கள் கொண்டாடுகின்றனர். அன்று நாடெங்கும் பொது விடுமுறை. எழுத்துக்கு இத்தகைய ஏற்றம் வந்தது எவ்வாறு என்பதைக் காண்போம்.

கி.பி. 681இல் அஸ்பாருக் என்னும் தலைவன் காலத்தில் பல்கேரிய அரசு தோன்றியது. குதிரையேறி வந்த பல்கர் குடியினரும், அங்கே முன்னரே உழுது வாழ்ந்த ஸ்லாவ் மக்களும் நாளடைவில் ஒரே இனமாகக் கலந்தனர். போரிஸ் மன்னன் 864இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினான். அப்போது வழிபாடு மக்களுக்குப் புரியாத கிரேக்க மொழியில் நடந்தது. சிரில், மெதோடியஸ் என்னும் சகோதரர் இருவர் ஸ்லாவ் மொழிக்கென எழுத்து வகுத்திருந்தனர். அவர்தம் மாணாக்கர் மொராவியா நாட்டினின்று துரத்தப்பட்டபோது, 886இல் போரிஸ் அவர்களுக்கு அடைக்கலம் தந்து, பள்ளிகள் நடத்தச் செய்தான். அம்முயற்சியின் பயனாகப் பிரெஸ்லாவ் நகரில் உருவான எழுத்தே, ஆசானின் பெயரால் ‘சிரிலிக்’ என வழங்குகிறது. ரஷ்யரும் உக்ரேனியரும் செர்பியரும் இன்று எழுதுவது அந்த எழுத்து மரபிலேதான்.

இத்துணைச் சிறப்புற்ற நாடு 1396க்குள் முழுமையாக உதுமானியத் துருக்கரின் ஆட்சிக்குள் வந்தது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அந்நிலை நீடித்தது. அரசு துருக்கியரிடம், கோயிலின் உயர்பதவிகளோ கிரேக்கரிடம். பொருளீட்டிய பல்கேரியர் சிலர் கிரேக்கமே பேசித் தம்மைப் பல்கேரியர் என்று சொல்லிக்கொள்ளவும் கூசினர். இந்த நாணத்தைக் கண்டு நெஞ்சம் கொதித்தவர் பைசி என்னும் துறவி. அவர் 1762இல் தம் மக்களின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதி முடித்தார். அச்சேறாத அந்நூலைக் குருமாரும் ஆசிரியரும் கையால் படியெடுத்து ஊர்தோறும் பரப்பினர். 82 ஆண்டுகள் கழித்து, 1844இல்தான் அது அச்சு வடிவம் கண்டது.

இம்மறுமலர்ச்சியில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பைசி தம் நூலை எழுதியது கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையிலுள்ள மடத்தில். அது அச்சானது ஹங்கேரியின் புடா நகரில். பீட்டர் பெரோன் இயற்றிய புதுமுறை அரிச்சுவடி 1824இல் அச்சிடப்பட்டது இன்றைய ருமேனியாவின் பிராஷோவ் நகரில். பல்கேரிய அறிஞர் கழகம் 1869இல் நிறுவப்பட்டதும் ருமேனியாவின் பிரயிலா நகரிலேதான். அக்கழகமே பின்னர் நாட்டின் அறிவியல் கழகமாக வளர்ந்தது. தாயகத்தின் விளக்குக்கு எண்ணெய் வார்த்தவருள் பலர் வெளியூர்களில் வாழ்ந்தவர்களே.

ஒடெசாவில் வணிகம் செய்த வசில் அப்ரிலோவ் என்பாரும் அத்தகையவர். அவர் தம் சொந்த ஊராகிய கப்ரோவோவில் 1835இல் நிறுவச் செய்த பள்ளியே புதுமுறைப் பல்கேரியக் கல்விக்கு முன்னோடி. அங்கே பின்பற்றியது பெல், லங்காஸ்டர் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் முறை: முன்னேறிய மாணவன் ஏனையோர்க்குப் பாடம் சொல்லுவான். இது நம் சட்டாம்பிள்ளையை நினைவூட்டவில்லையா? அதில் வியப்பில்லை. ஆண்ட்ரூ பெல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை மேற்பார்த்தவர். இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தி, தாம் வளர்த்த முறையை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மேலைநாட்டார் அதனைச் ‘சென்னை முறை’ என்றே அழைத்தனர்.

பள்ளிக்குத் துணையாக 1856இல் ‘சிதாலிஷ்டே’ என்னும் வாசகசாலைகள் தோன்றின. அரசின் உதவியின்றி, ஊரார் தாமே பணம் திரட்டி நடத்தியவை இவை. நூல் படித்தல், நாடகம் ஆடுதல், நாட்டுப்பாடல் பயிலுதல் யாவும் அங்கே நிகழ்ந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் இயங்குகின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் இவற்றை மரபு காக்கும் நன்முறையாக ஏற்றுப் பதிவு செய்தது.

இவ்வாறு விழிப்புற்ற மக்கள் 1876இல் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. அடுத்து மூண்ட ரஷ்ய-துருக்கியப் போரின் முடிவில், 1878 மார்ச் 3ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை விடுதலைக்கு வழி திறந்தது. அந்நாளே இன்று தேசிய நாள். முழுச் சுதந்திரம் 1908இல் அறிவிக்கப்பட்டது. 1946இல் முடியாட்சி நீங்கியது; பொதுவுடைமைக் கட்சியின் தனியாட்சி 1989இல் முடிவுற்றது. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சிரிலிக் அவ்வொன்றியத்தின் மூன்றாம் எழுத்தாயிற்று.

எனினும் கவலை ஒன்றும் உண்டு. 1980களின் இறுதியில் 90 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 லட்சமாகக் குறைந்துவிட்டது. பிறப்பு குறைந்ததும், பிழைப்பு நாடிப் பலர் அயல்நாடு சென்றதுமே காரணம். சென்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் அமைத்துத் தம் பிள்ளைகளுக்கு அவர்கள் எழுத்தறிவிக்கின்றனர். பிழைப்பு இருக்கும் ஊரில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழும் நமக்கு இம்முயற்சியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.