பருவ வயதும் பள்ளிக்கூடமும் கருத்தடையும்

சாக்கோட்டை அன்பர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளின் தந்தை, அண்மையில் தயங்கித் தயங்கி நம்மிடம் ஒரு வினாவை வைத்தார். "வெளிநாடுகளில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கருத்தடைப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கிறார்களாமே ஹஜ்ரத்! நம் ஊருக்கும் அது வந்தால் மார்க்கத்தின் நிலை என்ன?" ஒரே சொல்லில் 'ஹராம்' என்று கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆயின் அவ்வினாவுக்குள் நான்கு வினாக்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்து நோக்குவதே நீதியாகும்.

கருத்தடையின் சட்டநிலை

முதலாவது, கருத்தடை தன்னளவில் விலக்கப்பட்டதா என்பது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், குர்ஆன் அருளப்பட்டுக் கொண்டிருந்தபோதே, தோழர்கள் 'அஸ்லு' எனும் முறையைக் கையாண்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் இதனை விரிவாக ஆராய்ந்து, ஆகுமானது என்றே முடிவு காண்கிறார். மனைவியின் உயிருக்கு நேரும் ஆபத்தையும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் இடுக்கண்களையும் தக்க காரணங்களாக ஏற்கிறார். எனவே கணவன் மனைவியர் தம்முள் இசைந்து, தற்காலிகமாகக் கருவைத் தள்ளிப்போடுவது குற்றமன்று. குற்றம் மணத்திற்கு வெளியேயுள்ள உறவில் இருக்கிறது, மாத்திரையில் இல்லை. இவ்வேறுபாட்டை மறப்போர் பொருளைப் பழித்துச் செயலை மறந்துவிடுகின்றனர்.

பள்ளிக்கூடம் வழங்கலாமா?

இரண்டாவது, பள்ளியே அவற்றை வழங்கலாமா என்பது. பிரான்சில் 2000-ஆம் ஆண்டின் சட்டம், பள்ளிச் செவிலியர் அவசரக் கருத்தடை மாத்திரை வழங்க இடமளித்தது. இங்கிலாந்தில் 1985-இல் பிரபுக்கள் சபை, 16 வயது நிரம்பாத பெண்ணும் விளக்கத்தைப் புரிந்துகொள்ளும் அறிவுடையவளாயின், பெற்றோரின் இசைவின்றியே மருத்துவர் கருத்தடை வழங்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இவற்றை ஆதரிப்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மாத்திரையை மறுப்பதால் தவறு நின்றுவிடுவதில்லை. விளைவு மட்டும் பெண்ணின் தலையில் விழுகிறது என்பது அவர்கள் வாதம்.

இரு தீங்குகளில் சிறியதை ஏற்கலாம் என்ற விதியை ஃபிக்ஹு நூல்கள் அறியும். ஆனால் அது ளரூரத்திற்கு உரிய விதி. இக்கட்டில் வந்து நிற்கும் ஒருத்திக்கு மருத்துவர் செய்யும் உதவி வேறு. ஆயிரம் மாணவர்க்கும் பொதுவாகப் பள்ளி திறந்து வைக்கும் வாயில் வேறு. முன்னது காயத்திற்கு மருந்து. பின்னது அச்செயலை எதிர்பார்க்கத்தக்க இயல்பென அறிவிப்பது. தீமைக்கு இட்டுச்செல்லும் வழிகளை அடைத்தல் என்னும் கோட்பாடு இங்கே பொருந்தும்.

நாட்டின் சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டோரின் இசைவு இசைவாகாது. குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஒரு கையால் மாத்திரை கொடுத்து மறு கையால் புகார் எழுத எந்த ஆசிரியரால் இயலும்? இக்கடமைக்கு அஞ்சி மருத்துவமனைப் படி ஏறாத சிறுமியர் உண்டு என்பதை உணர்ந்தே, உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் வேண்டினால் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை எனக் கூறியது. குறையை மறைத்தலைப் போற்றும் மார்க்கத்தவரான நாம் இதனை வரவேற்கவே வேண்டும்.

கற்பித்தல் கடமை

மூன்றாவது, அறிவைத் தரலாமா என்பது. 2005-இல் மைய அரசு கொணர்ந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் மறுத்தன. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009-இல் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாமென்றது. ஆனால் அதே கர்நாடகத்தின் பெங்களூருவில், 2022 நவம்பரில் கைப்பேசிகளைத் தேடிச் சில பள்ளிகளில் மாணவர் பைகளைச் சோதித்தபோது, ஆணுறைகளும் கருத்தடை மாத்திரைகளும் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. மௌனம் காவலாகவில்லை.

நம் மரபிலும் இம்மௌனம் இல்லை. மக்தபிலும் மதரஸாவிலும் தூய்மைப் பாடத்தில் ஹைளு, நிஃபாஸ், பெருந்துடக்கு, கடமையான குளிப்பு ஆகியவற்றைப் பருவம் எய்தும் வயதிலேயே கற்கிறோம். இரவுக் கனவினால் பெண்ணுக்கும் குளிப்பு உண்டோ என உம்மு சுலைம் (ரலி) நபியவர்களிடம் நேரே வினவினார்கள். மார்க்கத்தைக் கற்க நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) போற்றினார்கள். விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சூழ இருந்தோர் அதட்டியபோது, நபியவர்கள் அவரை அருகில் அமர்த்தி, உம் தாய்க்கும் மகளுக்கும் சகோதரிக்கும் இதனை விரும்புவீரா எனக் கேட்டு, கைவைத்து துஆச் செய்து அனுப்பியதை முஸ்னது அஹ்மது பதிவு செய்கிறது. அறிவும் அன்பும் ஒழுக்கமும் ஒன்றாக வந்த பாடம் அது. இன்று நம் பிள்ளைகளுக்குக் குளிப்பின் ஃபர்ளுகள் மனப்பாடம். ஆனால் தம் உடலைப் பற்றிய ஐயத்தைத் தாயிடம் கேட்கும் துணிவில்லை. அவ்விடத்தைக் கைப்பேசி நிரப்பிவிட்டது.

யாருக்குத் தேவை?

நான்காவது, நாம் கேட்கத் தவறும் வினா: பருவ வயதில் கருவுறுவோர் யாவர்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினர் தாயானோர் அல்லது கருவுற்றோர். 20 முதல் 24 வயதினரில் 12.8 விழுக்காட்டினர் 18 நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டோர். இளவயதில் தாயாவோரில் மிகப் பெரும்பாலோர் பள்ளியைவிட்டு நிறுத்தி மணமுடித்து அனுப்பப்பட்ட பெண்களே. பள்ளியில் வைக்கும் மாத்திரைப் பெட்டி அவர்களைச் சென்றடையாது. அவர்கள் அங்கே இல்லை.

இதில் நம் மகல்லாக்களுக்கும் பங்குண்டு. 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று கூறி, பதினேழு வயதில் நிகாஹ் முடித்துக் கடமை தீர்ந்ததென எண்ணுவோர் உளர். உடல் முதிராத அப்பெண் அவ்வாண்டே கருவுறும்போது, கருவைத் தள்ளிப்போட ஷரீஅத் தந்த இடத்தை அவளுக்கு எடுத்துச் சொல்பவர் யாருமில்லை. பேணுதலின் பெயரால் அவளை இடருக்கு உள்ளாக்குவது பேணுதலாகாது.

அன்பருக்கு நாம் கூறிய விடை இதுவே: பள்ளி கருத்தடைப் பொருள்களைப் பங்கிட வேண்டாம். ஆனால் அதனை மறுக்கும் உரிமை, மகளுக்குக் கற்பிக்கும் பெற்றோருக்கே உண்டு. பருவம் எய்திய பெண்ணுக்குத் தாயோ ஆலிமாவோ, ஆணுக்குத் தந்தையோ உஸ்தாதோ, உடலையும் அதன் சட்டத்தையும் தெளிவாகச் சொல்லட்டும். பெண் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கட்டும். தவறியவள் திரும்பி வந்தால், வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும்.

விடைபெறுமுன் அவர் கேட்டார்: "இதையெல்லாம் மகளிடம் யார் ஹஜ்ரத் பேசுவது?" உம் வீட்டாரிடம் முதலில் நீர் பேசும் என்றோம். வல்ல அல்லாஹ் நம் மக்களின் கற்பையும் அறிவையும் ஒருசேரக் காத்தருள்வானாக!