ஒலி, ஒளிப் பதிவுகளைக் காக்கும் ஒற்றை வரிக் கட்டளை

கேசட்டிலும் விஎச்எஸ் நாடாவிலும் கிடக்கும் பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை வீடுகளிலும் நூலகங்களிலும் வானொலி நிலையங்களிலும் நடந்துகொண்டிருக்கிறது. நாடாக்கள் ஆண்டுக்காண்டு நைந்துவருகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அரிதாகிவருகின்றன. விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அந்த உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆகவே அவசரம் நியாயமானது. ஆனால் கணினிக்குள் வந்துவிட்டதாலேயே ஒரு பதிவு பிழைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அதன்பின் அதை வெட்டுகிறோம், சுருக்குகிறோம், வேறு வடிவத்துக்கு மாற்றுகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இந்த ஒவ்வொரு படியிலும் பதிவிலிருந்து ஏதோ ஒன்று குறையக்கூடும். என்ன குறைந்தது என்று பிறகு தெரிந்துகொள்ளவும் வழியிருப்பதில்லை. பாதுகாக்க வேண்டிய பதிவுகளைக் கையாள எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டளை வரிக் கருவிகளே ஏற்றவை. அவற்றின் வேகம் இதற்கு முதற்காரணம் இல்லை. கோப்புக்கு என்ன செய்தோம் என்பதை எழுத்தில் விட்டுவைக்கும் ஒழுங்கு அவற்றில்தான் இயல்பாக அமைந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதை உணர, ஒரு வீடியோ கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது வெளிக்கூட்டின் பெயர்தான். கொள்கலன் என்று அதைச் சொல்கிறார்கள். படத்தடம், ஒலித்தடம், வசனவரிகள் எல்லாம் அதற்குள் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொரு தடமும் கோடெக் என்ற சுருக்கு முறையால் சுருக்கப்பட்டிருக்கிறது. சுருக்காமல் வைத்தால் கட்டுப்படியாகாது: அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் கொண்ட படம் நொடிக்கு 25 வீதம் ஓடினால், புள்ளிக்கு 3 பைட் என்ற கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட் ஆகும். 2003இல் தரநிலையாக வெளிவந்த எச்.264 போன்ற கோடெக்குகள் இதைச் சில ஜிகாபைட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுவதால்தான் அது முடிகிறது. கழித்தது திரும்பி வராது. அப்படிச் சுருங்கிய படத்தையே விரித்து மறுபடியும் சுருக்கினால், முதல் சுருக்கத்தின் பிழைகளின் மேல் இரண்டாவதன் பிழைகள் ஏறும்.

இங்கேதான் பெரும்பாலானோர் அறியாமல் இழப்பைத் தேடிக்கொள்கிறார்கள். எம்கேவி கோப்பை எம்பி4 ஆக்க வேண்டுமென்றால், பல நேரங்களில் உள்ளிருக்கும் தடங்களைத் தொடவே வேண்டியதில்லை. கூட்டை மட்டும் மாற்றினால் போதும். அரிசியை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றுவதற்கும், அதையே மறுபடி ஆலையில் போட்டுத் தீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. எஃப்எஃப்எம்பெக்கில் கோடெக் என்ற இடத்தில் ‘காபி’ என்று எழுதினால் தடங்கள் பைட் மாறாமல் புதிய கூட்டுக்குள் போகும். ஒரு மணி நேர வீடியோகூடச் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சொல்லை விட்டுவிட்டாலோ முழுப் படமும் மறுசுருக்கம் பெறும். இந்த இரண்டு வேலைகளையும் ‘மாற்று’ என்ற ஒரே பொத்தானுக்குள் அடைத்துவிட்டால் எது நடந்தது என்று பயனருக்குத் தெரியாமல் போகிறது. கட்டளையிலோ அது கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கிறது.

எழுதியதைச் சரிபார்க்கவும் முடியும். எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் எஃப்எஃப்புரோப், கோப்பில் எத்தனை தடங்கள், எந்தக் கோடெக், என்ன பிட் விகிதம் என்று விவரமாகச் சொல்லும். ஒவ்வொரு படச் சட்டகத்துக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலாகத் தரும் வசதியும் இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு பட்டியல்களும் ஒத்திருந்தால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று நம்பலாம். எஃப்எஃப்எம்பெக் திட்டத்துக்குள்ளேயே வளர்ந்த எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாக் கோடெக்கை வீடியோ காப்பகங்கள் பயன்படுத்துவதற்கு இந்தச் சரிபார்ப்பும் ஒரு காரணம்: சேதத்தைக் கண்டுபிடிக்கும் எண்கள் அதன் தரவுக்குள்ளேயே சேர்க்கப்படுகின்றன. அதன் விவரக்குறிப்பு 2021இல் இணையப் பொறியியல் பணிக்குழுவால் வெளியிடப்பட்டது. எம்கேவியின் அடிப்படையான மட்ரோஸ்காவின் விவரக்குறிப்பையும், ஒலிக்கான இழப்பில்லாக் கோடெக்கான ஃப்ளாக்கின் விவரக்குறிப்பையும் 2024இல் அதே குழு வெளியிட்டது. எந்த நிறுவனம் மூடப்பட்டாலும், அந்த விவரக்குறிப்புகளைப் படித்து இந்தக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளைப் புதிதாக எழுத முடியும்.

ஒன்றைச் செய்த அதே முறையில் ஆயிரத்தையும் செய்ய முடிவது இதன் அடுத்த பயன். நூற்றுக்கணக்கான கேசட்டுகளிலிருந்து எடுத்த ஒலிப்பதிவுகளை வலைத்தளத்தில் கேட்கத் தரும்போது, சில மெதுவாகவும் சில உரக்கவும் இருந்தால் கேட்பவர் களைத்துப்போவார். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை இதற்கென ஓர் அளவுகோலை வகுத்திருக்கிறது. இலக்கு −23 எல்யுஎஃப்எஸ் என்ற உரப்பு அளவு. கோப்புகளை அளந்து இந்த இலக்குக்குக் கொண்டுவரும் வடிகட்டி எஃப்எஃப்எம்பெக்கில் உண்டு. ஒரு சிறு நிரலில் அதை எழுதிவிட்டால் எல்லாக் கோப்புகளும் ஒரே விதிப்படி நடத்தப்படும். கைச்சோர்வாலோ கவனக்குறைவாலோ நூறாவது கோப்புக்கு வேறொரு நீதி கிடைக்காது. விதியில் தவறிருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தி, மூலத்திலிருந்து மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதன்மையானது கடினம் என்பது. கறுப்புத் திரையும், நீண்ட கட்டளைகளும், அதிகமும் ஆங்கிலத்திலேயே இருக்கும் விளக்கங்களும் பழகாதவரைத் தயங்க வைப்பது உண்மை. எஃப்எஃப்எம்பெக்கின் வசதிகள் முழுவதையும் அறிந்தவர் அரிது. ஆனால் காப்பு வேலைக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. கூடு மாற்றுவது, ஒலியைத் தனியே பிரிப்பது, ஒரு பகுதியை வெட்டுவது, சிறிய நகல் எடுப்பது, சரிபார்ப்பது என விரல்விட்டு எண்ணத்தக்க வேலைகளே அன்றாடம் வருகின்றன. இவற்றுக்கான வரிகளை ஒருவர் எழுதிவைத்தால் பத்துப் பேர் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். அவற்றைத் தமிழ் விளக்கத்தோடு ஒரே பக்கத்தில் அடக்கிவிடவும் முடியும்.

ஓர் எழுத்துப் பிழை எல்லாவற்றையும் அழித்துவிடாதா என்பது அடுத்த அச்சம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் எஃப்எஃப்எம்பெக் மூலக் கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. வெளியீட்டுக்கு வேறு பெயர் தர வேண்டும்; அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், கேட்காமலே மேலெழுதச் சொல்லி நாம் ஆணையிடாதவரை அனுமதி கேட்கும். ‘காபி’ முறைக்கும் வரம்பு உண்டு. அதில் வெட்டும்போது படம், பிற சட்டகங்களைச் சாராமல் நிற்கும் முதன்மைச் சட்டகங்களில்தான் சுத்தமாகத் தொடங்கும். எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பான அமைப்பில் அடுத்தடுத்த முதன்மைச் சட்டகங்களுக்கு இடையே 250 சட்டகங்கள்வரை இருக்கலாம். நொடிக்கு 25 என்றால் அது 10 நொடி. துல்லியமாக அந்த நொடியில்தான் வெட்ட வேண்டுமென்றால் மறுசுருக்கம் செய்தே ஆக வேண்டும். அப்போது அதே குறியாக்கியில் படத்தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண்ணை இயல்பான 23இலிருந்து 18 அளவுக்கு இறக்கினால், கோப்பு பெரிதானாலும் கண்ணுக்குத் தெரியும் இழப்பு மிகவும் குறையும். அந்த எண்ணும் கட்டளையில் பதிவாகிவிடும்.

பொத்தான் வைத்த மென்பொருள்களே போதாதா என்ற கேள்வியும் எழும். ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்துபோகும் வீடியோவுக்குப் போதும். அவற்றில் ஒன்றான ஹேண்ட்பிரேக் இலவசமானது, நல்லது. எஃப்எஃப்எம்பெக்கின் நூலகங்களைப் பயன்படுத்தியே அது இயங்குகிறது. ஆனால் படத்தடத்தை அது எப்போதும் மறுசுருக்கமே செய்யும். அப்படியே கடத்தும் வசதி சிலவகை ஒலித்தடங்களுக்கு மட்டும் உண்டு. வேறு வேலைக்காக உருவான அந்தக் கருவியைக் காப்பகப் பிரதி எடுக்கப் பயன்படுத்துவது நம் பிழையாகும். தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கும் மென்பொருளை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு அதன் வரலாறே பதில். ஃபேப்ரிஸ் பெலார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இன்று விஎல்சி முதல் எத்தனையோ மென்பொருள்களுக்கு அடித்தளம். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியின் தரையிறங்கல் கேமராக்களின் கணினியிலும் அது இயங்கியது. பாதுகாப்புக் குறைகள் அவ்வப்போது கண்டறியப்படுவதால், புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளும் கடமை மட்டும் பயனருக்கு இருக்கிறது.

ஆகவே பதிவுகளைச் சேர்க்கும் எந்த அமைப்பும் மூன்று பழக்கங்களை விதியாக்கிக்கொள்ள வேண்டும். முதல் பிரதியை இழப்பில்லா வடிவில் எடுத்து அதைத் தொடாமல் வைப்பது. பகிர்வதற்கான சிறிய நகல்களை அதிலிருந்து மட்டுமே உருவாக்குவது. பயன்படுத்திய கட்டளையையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிப் பதிவோடு சேர்த்து வைப்பது. மூன்றாவதற்கு ஆகும் செலவு சில நூறு பைட்டுகள் மட்டுமே. 30 ஆண்டு கழித்து அந்தப் பதிவைத் திறக்கும் ஆய்வாளருக்கு, தான் கேட்கும் இரைச்சல் நாடாவினுடையதா நாம் செய்த மாற்றத்தினுடையதா என்று தீர்மானிக்க அந்த உரைக் கோப்பே சான்றாக இருக்கும்.