அம்மாவின் அழைப்பு மணி

படுத்த படுக்கையாய் இருக்கும் ஒருவருக்கும் அடுத்த அறையில் உறங்கும் வீட்டாருக்கும் இடையே, இரவில் இருக்கும் ஒரே தொடர்பு அழைப்பு மணிதான். அம்மணி ஒலிக்காமற்போனால் என்ன நேரும் என்பதை எங்கள் இல்லத்திலேயே கண்டோம். பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த எங்கள் தாயாருக்குக் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கினோம். மணி கூடத்தில், அதனை இயக்கும் ரிமோட் அம்மாவின் தலையணையருகே. தீப்பெட்டியினும் சிறிய அக்கருவியின் நடுவே துவரம்பருப்பளவில் ஒரு பொத்தான். “வேண்டும்போது அழுத்துங்கள், அம்மா” என்று சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று உறங்கினோம்.

ஒரு வாரம்வரை மணி ஒலிக்கவேயில்லை. அம்மா அயர்ந்து உறங்குகிறார் என்று மகிழ்ந்தோம். எட்டாம் நாள் விடியலில் படுக்கை நனைந்திருந்தது. “மணிதான் இருக்கிறதே, ஏன் அழைக்கவில்லை?” என்று சற்றுக் கடிந்தே கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் இடக்கையால் ரிமோட்டை எடுத்து, நடுங்கும் பெருவிரலைப் பொத்தான்மீது வைத்துக் காட்டினார். விரல் வழுகியது. மீண்டும் முயன்றார், கருவியே நழுவிப் போர்வைக்குள் விழுந்தது. “ராத்திரி முழுக்க அழுத்திக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். நாங்கள் தலைகுனிந்தோம்.

பொத்தானைப் பெரிதாக்க, புட்டி மூடி ஒன்றை அதன்மேல் ஒட்டினோம். அது ஒருபுறம் சாய்ந்து பொத்தானை விடாமல் அழுத்தியதால், மணி ஓயாது ஒலித்து மின்கலம் தீர்ந்ததுதான் மிச்சம். பிறகு, வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் வழிகாட்டினார்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீனித் நிறுவனம் வெளியிட்ட தொலைக்காட்சி ரிமோட்டில் மின்கலமே கிடையாது. பொத்தானை அழுத்தும் விசையால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டி, செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும். அங்கே விரலே உழைத்தது. இன்றைய கருவியில் அலையை அனுப்புவது மின்கலம். விரல் செய்வதெல்லாம் இரண்டு உலோக முனைகளை ஒரு கணம் சேர்ப்பதுதான். அம்முனைகளை எந்தப் பொத்தான் சேர்த்தாலும் கருவிக்கு ஒன்றே.

எனவே, முதலில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு ரிமோட்டின் மூடியைத் திறந்தோம். பொத்தானின் அடியில் நான்கு கால்கள் கொண்ட சிறு விசை இருந்தது. அக்கால்கள் இரண்டிரண்டாக உள்ளே இணைந்தவை. ஆதலால் மூலைக்கு மூலை எதிராக உள்ள இரண்டைத் தேர்ந்தால் தவறு நேராது. அவ்விரண்டிலும் மெல்லிய கம்பிகளை ஈயப்பற்று வைத்து, மறுமுனைகளைப் பெரிய பொத்தானோடு இணைத்தோம். சூட்டுக்கோலை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் வைத்தால் விசை உருகிவிடும். பழைய பொத்தானும் முன்போலவே வேலை செய்யும்.

பெரிய பொத்தான், அழுத்தும்போது மட்டும் இணைந்து, விட்டதும் பிரிவதாக இருத்தல் வேண்டும். வாசலில் பொருத்தும் காலிங்பெல் விசை இவ்வகையே. விளையாட்டுப் பொறிகளுக்கென 60, 100 மில்லிமீட்டர் விட்டத்தில் விற்கும் பொத்தான்களும் ஏற்றவை. கம்பி இழுபட்டால் பற்று விட்டுப்போகும்; ஆகவே ரிமோட்டையும் பொத்தானையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கினோம்.

சில எச்சரிக்கைகள். மின்கலத்தால் இயங்கும் கருவிகளில் மட்டுமே இதனைச் செய்க. வீட்டு மின்சாரத்தில் கைவைக்கலாகாது. தொலைக்காட்சி ரிமோட்டுகளில் பெரும்பாலும் ரப்பர்த் தகட்டின் அடியில் கரிப்பூச்சுதான் இருக்கும்; அதில் ஈயம் எளிதில் பற்றாது. கழற்றிய நாணய வடிவ மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது அது.

பெட்டியை அம்மாவின் விரல்களுக்கருகே வைக்கப் போனோம். அவர் தலையசைத்து மறுத்தார். இடது முழங்கையைக் காட்டி, “இங்கே வை” என்றார். விரல் நடுங்கினாலும், முழங்கை நடுங்குவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்களோ அதுவரை அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றிரவு மூன்று முறை மணி ஒலித்தது. தண்ணீருக்காக ஒருமுறை, கழிவுக்கலத்திற்காக ஒருமுறை, மின்விசிறியைக் குறைக்க ஒருமுறை. உறக்கம் கெட்டது, ஆயினும் அம்மா அழைக்கிறார் என்னும் நிறைவோடு எழுந்தோம்.

உங்கள் இல்லத்திலும் முதியவர் எவரேனும் அழைப்பு மணி வைத்திருப்பின், இன்றிரவே ஒன்று செய்யுங்கள். விளக்கை அணைத்து, அவர் படுக்கும் நிலையிலேயே படுத்து, விரல்களை மடக்கிக்கொண்டு, அந்தப் பொத்தானை நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு, அதனை எங்கே வைப்பது என்று அவரையே கேளுங்கள்.