கிளினிக் காணாத நேரங்கள்

உம்மாவின் கிளினிக் கொப்பியில் மூன்று மாதமாக நல்ல எண்கள்தான்: 130/80, 132/82, 128/78. மிஸ்ஸி எழுதியதில் எந்தப் பிழையுமில்லை. விடிய ஆறு மணிக்கு லொசாட்டன் குளிசையைப் போட்டுவிட்டு, பத்து மணிக்குப் போய்க் கை நீட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு விறாந்தையில் உம்மா சொல்வது வேறு: "விடியச்சாமத்துல தல பாரமாக் கிடக்குது மகன். ராவுல மூணு தரம் எழும்புறன்."

அந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, ஏழு நாள் கொப்பி எழுதினோம். பிரஷர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்வதற்கு முன், ஏன் நேரம் பார்த்து அளக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிரஷர் நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நாம் தூங்கும்போது நரம்புகளின் முடுக்கம் தணிந்து, பகலில் இருந்ததைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயமும் இரத்தக் குழாய்களும் இளைப்பாறுவது அப்போதுதான். விழிக்கும் நேரத்தில் கோர்ட்டிசோலும் அட்ரினலினும் சுரக்க, பிரஷர் மேலே ஏறுகிறது; இரத்தமும் அந்த நேரத்தில் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் மாரடைப்பு அதிகம் என்று 1985இல் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. சிலருக்கு இரவு இறக்கமே நடப்பதில்லை. பகலில் சராசரி 150, இரவில் 144 என்றால் இறக்கம் வெறும் 4 சதவீதம். இன்னும் சிலருக்கு இரவில் ஏறவே செய்யும். ஜப்பானின் ஒஹசாமா ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இரவு இறக்கம் குறைந்தவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் கூடியிருந்தது. 24 மணித்தியாலப் பிரஷர் சரியாக இருந்தவர்களிலும் அப்படித்தான்.

இனி, நாங்கள் செய்தது. மெஷின் புயத்தில் கட்டுவதாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும்போது புயத்தின் சுற்றளவை அளவு நாடாவால் பார்த்து, அதற்கேற்ற பட்டியைக் கேளுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். உம்மாவின் நீளக் கை அபாயாதான் முதல் தடை. துணிக்கு மேலே கட்டினால் சரிவராது. கையைச் சுருட்டி மேலே ஏற்றினாலும் அது புயத்தை இறுக்கும். வீட்டில்தானே, ஒரு கையை அபாயாவிலிருந்து வெளியே எடுத்தே கட்டினோம்.

காலை அளவு: எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள், சிறுநீர் கழித்த பிறகு, தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன்னால். எங்கள் ஊரில் இதற்குச் சுபஹ் தொழுகையே கணக்கு. தொழுத கையோடு கட்டக் கூடாது. பள்ளிக்கு நடந்து போய் வருபவர்கள் அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். உம்மா வீட்டில் தொழுது, திக்ர் முடித்து, முதுகு சாயும் கதிரையில் ஐந்து நிமிடம் சும்மா இருப்பார். பாயில் கால் மடக்கி இருந்து அளக்கக் கூடாது. பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் இல்லை, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில். கையை மடியில் வைத்தாலோ தொங்கவிட்டாலோ எண் ஏறும் என்பது 2024இல் வந்த அமெரிக்க ஆய்வில் அளந்தே காட்டப்பட்டது: மடியில் வைத்தால் மேல் எண் 4 அளவு, தொங்கவிட்டால் 6க்கு மேல். பேசினாலும் ஏறும். உம்மாவைப் பேசாமல் வைத்திருந்ததுதான் எனக்குப் பெரிய வேலை.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து இரண்டையும் எழுதினோம். இரவில் இஷாவுக்குப் பின், படுக்கப் போகும் முன், அதே முறையில் இரண்டு. ஏழு நாள். நல்லதாக வந்த எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. வந்ததை வந்தபடி எழுதினால்தான் கொப்பிக்குப் பெறுமதி.

முதல் நாளை விட்டுவிட்டு, மீதி ஆறு நாளின் 24 அளவுகளையும் கூட்டி 24ஆல் பிரியுங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர்ந்த பிரஷர்தான். கிளினிக்கின் 140/90 கணக்கை வீட்டுக்கு எடுக்கக் கூடாது. பிறகு காலையையும் இரவையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். உம்மாவுக்கு இரவுச் சராசரி 133/80. காலையில் 154/88. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது. மூன்று மாதமாக உம்மா சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆனால் தூக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று இந்தக் கொப்பி சொல்லாது. அதற்கு 24 மணித்தியால மெஷின் உண்டு. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, புயத்தில் பட்டி. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தரமும், இரவில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தரமும் தானாக இறுக்கி அளக்கும். பட்டி ஊதும்போது கையை அசைக்காமல் இருந்தால் போதும், வழமையான வேலைகளைச் செய்யலாம். எல்லா இடத்திலும் இது இல்லை. எங்கே செய்யலாம் என்று கிளினிக் டொக்டரிடமே கேளுங்கள். படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் எழுதிக் கொடுப்பது அவசியம். இரவெல்லாம் கடலில் வலையோடு நின்று பகலில் உறங்கும் மீனவருக்கு இறக்கம் பகலில்தான் நடக்கும். பிரஷர் தூக்கத்தைத்தான் பின்தொடர்கிறது.

கொப்பியைப் பார்த்த டொக்டர் முதலில் குளிசையைத் தொடவில்லை. குறட்டை உண்டா, சிறுநீருக்கு எத்தனை தரம் எழும்புகிறீர்கள், கருவாடு எத்தனை நாள் என்று கேட்டார். சிறுநீரகத்துக்கும் சீனிக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். கேள்விகளுக்குக் காரணம் உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், சிறுநீரக நோய், நீரிழிவு எல்லாம் இரவு இறக்கத்தைக் கெடுக்கும். உப்பும் அப்படித்தான். பகலில் வெளியேற்றி முடியாத உப்பைச் சிறுநீரகம் இரவில் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதற்காகப் பிரஷர் உயர்ந்தே நிற்கிறது, சிறுநீருக்கும் எழும்ப வேண்டிவருகிறது. நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் கூனிச் சம்பலும் உள்ள எங்கள் சோற்றுக் கோப்பை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

குளிசையை இரவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று ஊரில் பலர் சொல்வார்கள். பிரித்தானியாவில் 21,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய டைம் ஆய்வு 2022இல் வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் இதய நோயிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. ஆகவே நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம். எந்தக் குளிசை எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதுதான் டொக்டர் பார்ப்பது. அம்லோடிபின் நீண்ட நேரம் நிற்கும்; எனலாப்ரில் பலருக்கு இரண்டு வேளை தேவைப்படும். நோன்பு மாதத்தில் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் எப்படிப் போடுவது என்பதை நோன்பு பிடிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தரம் கூடுதலாக வந்ததென்று இரண்டாவது குளிசை போடக் கூடாது. ஐந்து நிமிடம் இருந்து மறுபடி பாருங்கள். ஆனால் 180/120ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ ஒரு பக்கம் இழுத்தலோ பேச்சுக் குழறலோ இருந்தால் அளந்துகொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இரத்தப் பரிசோதனை வந்த பிறகு உம்மாவுக்கு மருந்தை மாற்றி எழுதினார் டொக்டர். புதிய மருந்து உடலில் பிடிக்கச் சில கிழமைகள் செல்லும். ஒரு மாதம் கழித்து இன்னொரு ஏழு நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை சுபஹுக்குப் பின் தொடங்குகிறோம். பழைய கொப்பியில் இடம் இருக்கிறது. உம்மா புதுப் பக்கத்தில் தன் கையாலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்.