ஸ்டிக்கரில் 9.9, உள்ளே 15

கடல் வாடையே எட்டாத அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் படகு மோட்டார் பேச்சு அடிபடுகிறது என்றால் காரணம் தெரிந்ததுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மெஷின்கள் மூழ்கின. நகரில் தெருவுக்குள் மீனவர்களின் ஃபைபர் படகு வந்தால்தான் மாடியில் சிக்கியவர்கள் இறங்க முடியும் என்பதை 2015 வெள்ளத்திலேயே பார்த்துவிட்டோம். படகு வேண்டும், அதில் நல்ல இழுவையும் வேண்டும். ‘இருக்கிற மோட்டாரிலேயே பலத்தை ஏற்றிக்கொள்ளலாமே’ என்ற யோசனை பிறப்பது இங்கேதான்.

யோசனை வெறும் கற்பனையில்லை. பல டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் 9.9 ஹெச்.பி.யும் 15 ஹெச்.பி.யும் ஒரே பிளாக். அதே சிலிண்டர், அதே பிஸ்டன், அதே சி.சி. அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 ஹெச்.பி.க்கு மேல் அனுமதி இல்லை என்பதால் பிரபலமான எண் இந்த 9.9. சின்ன மாடலில் கார்பரேட்டரின் தொண்டை குறுகல். சிலவற்றில் ரீட் வால்வு திறக்கும் அளவுக்கும் புகைக்குழாய்க்கும் கட்டுப்பாடு. அவற்றை மாற்றி, ஜெட்டைப் பெரிதாக்கினால் வேலை முடிந்தது. லேத் பிடித்த கைக்கு இதெல்லாம் அரை நாள் சமாச்சாரம்.

ஆனால் பாதி பலம் கூடினால் பாதி வேகம் கூடாது. சுமையேற்றி தண்ணீரைப் பிளந்து போகும் படகில், கணக்குப்படி கிடைப்பது ஏறக்குறைய 15 சதவீதம். விசிறியை மாற்றாவிட்டால் அதுவும் இல்லை. பெட்ரோல் மட்டும் போகும். ஜெட் அளவு தப்பினால் ப்ளக் வெளுத்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் சொந்தக்காரர் பாடு. என் கவலை மூடியில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கரைப் பற்றியது. உள்ளே எல்லாம் மாறிய பிறகும் அது 9.9 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எடையும் மாறவில்லை, உருவமும் மாறவில்லை. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. படகின் பின்பக்கம் மோட்டாரைத் தாங்கும் அமரத்துப் பலகை 9.9-க்குப் போட்டது. ஃபைபருக்குள்ளே பல படகுகளில் இருப்பது பிளைவுட். போல்ட் துளை வழியாக ஈரம் இறங்கி அது உள்ளுக்குள் உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்பதற்குப் பதில் ‘தொப்’ என்று கேட்கும். அந்தப் பலகையில் 15-ன் தள்ளு விழுந்தால் என்ன ஆகும்? வாங்கியவருக்குத் தெரியாது, வாடகைக்கு எடுத்தவருக்கும் தெரியாது. வெள்ளத்தன்று அவசரமாக இரவல் வாங்கி, பாட்டியையும் குழந்தையையும் ஏற்றுகிறவருக்கு அடியோடு தெரியாது. மாற்றியவர் மட்டுமே அறிந்த ரகசியமாக அது இருக்கிறது.

வாடைக்காற்றில் எதிர்நீரோட்டம் தாண்டிக் கரை சேர அந்த இழுவைதான் காப்பாற்றுகிறது என்று மீனவர்கள் சொல்வதும் உண்மை. அது கடலுக்குச் சரி.

தெருவில் நிலைமை வேறு. இடுப்பளவு தண்ணீரில் காம்பவுண்ட் சுவர், மூழ்கிய ஸ்கூட்டர், அறுந்த கேபிள். திராட்டிலை முறுக்கினால் எழும் அலை அடுத்த வீட்டு வாசலுக்குள் போய் அடிக்கும். மோட்டாரின் பின்னால் மெல்லிசாகப் பீய்ச்சுகிற தண்ணீர் நின்றுவிட்டால், பெரும்பாலும் கீழே உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் கவர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சி நின்ற மோட்டாரில் பலம் கூடினால் சூடும் சீக்கிரம் ஏறும். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் 15 எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

மாற்றுகிறவர்கள் மாற்றத்தான் போகிறார்கள். குறைந்தது பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, மூடியிலும் அமரத்துப் பலகையிலும் புது எண்ணையும் மாற்றிய தேதியையும் பெயின்ட்டில் எழுதட்டும்.