மலையேறிய மோட்டார் சைக்கிள் இறங்கும்போது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், ரப்பர்த் தோட்டங்களிலுள்ள நம் பாட்டாளித் தோழர்கள் பலர் கேமரன் மலையில் வாழும் உற்றார் உறவினரைக் காணப் புறப்படுவதுண்டு. பிரிஞ்சாங்கை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் அவ்வாறு வந்திருந்த ஓர் இளைஞரை நாம் கண்டோம். அவருடைய வாகனம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கிராம்பிளர். அதாவது இரு வீச்சு இயந்திரம் பூட்டிய காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள். தாப்பாவில் சீராக ஓடிய வண்டி, ரிங்லெட்டைத் தாண்டியதும் தொண்டை அடைத்தாற்போல் திணறி, புகை கக்கி, ஒருவாறு பிரிஞ்சாங் வந்து சேர்ந்ததாம். தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்யும் அவருடைய அக்காள் கணவர் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளிருந்த ஜெட்டை எடுத்துவிட்டுச் சிறியதொன்றைப் பொருத்தினார். வண்டி பறந்தது.

மறுநாள் இளைஞர் ஊர் திரும்ப ஆயத்தமானபோது, அக்காள் கணவர் செய்தித்தாள் துண்டில் சுற்றிய ஒரு பொருளை அவரிடம் நீட்டி, "மாப்பிள்ளை, பழைய ஜெட்டைத் திரும்பப் போடாமல் மலையிறங்காதே" என்றார். "இப்போதுதானே வண்டி நன்றாக ஓடுகிறது!" என்று இளைஞர் வியந்தார். அவர் வியந்ததில் தவறில்லை. ஆயினும், அந்தச் சிறு பொட்டலத்தில் அவருடைய உயிரே இருந்தது எனலாம்.

இயந்திரத்துக்குள் எரிவது பெட்ரோல் மட்டுமன்று. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையாகும். கார்புரேட்டரில் உள்ள ஜெட் என்பது நுண்ணிய துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் திருகு. அத்துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெட்ரோல் உட்செல்லும். காற்றின் அளவையோ, நாம் நிற்கும் இடத்தின் உயரமே பெரிதும் தீர்மானிக்கின்றது. பிரிஞ்சாங் நகர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது. அங்குள்ள காற்று, சமவெளிக் காற்றைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. காற்றின் எடை குறையும் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆதலால் கலவையில் பெட்ரோல் மிகுந்து கலவை செறிவாகிறது; பிளக்கில் கரி படிகிறது; இயந்திரம் திணறுகிறது. சிறிய ஜெட் பொருத்தினால் பெட்ரோல் குறைந்து கணக்குச் சரியாகிறது.

மலையிறங்கும்போது இக்கணக்குத் தலைகீழாகின்றது. கீழே வர வரக் காற்று அடர்ந்துகொண்டே போகும். சிறிய ஜெட் வழியே வரும் பெட்ரோலோ அதற்குப் போதாது. கலவை மெலிந்து, சூடு கடுமையாக ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். இயந்திரம் நின்றவுடன் சங்கிலியால் அதனோடு பிணைக்கப்பட்ட பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். தாப்பாச் சாலையின் கொண்டை ஊசி வளைவில், எதிரே ஒரு காய்கறி லாரி வரும் வேளையில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே இதில் நம் கருத்து ஒன்று. மலையில் இரண்டொரு நாள் மட்டுமே தங்குவோர் ஜெட்டைத் தொடவே வேண்டா. கலவை செறிந்தால் வண்டி முனகும், பெட்ரோல் வீணாகும், பிளக் அழுக்காகும், அவ்வளவே. மாற்றுப் பிளக் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். கலவை மெலிவதுதான் ஆபத்து.

மலையிலேயே வாழ்வோர் செய்ய வேண்டியது வேறு. சமவெளியில் 100 எண்ணுள்ள முதன்மை ஜெட்டில் நன்கு ஓடும் வண்டிக்குப் பிரிஞ்சாங்கில் பெரும்பாலும் 95 அல்லது 92.5 பொருந்தும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடி முக்காலுக்கு மேல் திறந்திருக்கையில் முதன்மை ஜெட்டும், நடுத்தரத்தில் ஊசியும், சிறிதளவே திறந்திருக்கையில் சிறு ஜெட்டும் காற்றுத் திருகும் கலவையை ஆள்கின்றன. ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் ஊசி கீழிறங்கிக் கலவை மெலியும். காற்றுத் திருகை வெளிப்புறம் திருப்பினாலும் மெலியும். கைப்பிடியில் ஒட்டுத்தாளால் கால், அரை, முக்கால் என அடையாளமிட்டுக்கொண்டு ஓட்டினால், எந்த இடத்தில் திணறுகிறதோ அந்த உறுப்பையே திருத்தலாம். இச்சோதனையைப் பொதுச் சாலையில் செய்தலாகாது. பிளக்கின் வெண்பீங்கான் முனை பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் நலம். கறுத்துப் பிசுபிசுத்தால் செறிவு. சுண்ணாம்பாய் வெளுத்தால் மெலிவு. ஈயம் கலவாத இன்றைய பெட்ரோலில் அந்நிறம் சற்று வெளிறியே காணப்படும் என்பதையும் நினைவிற்கொள்க.

இவ்வளவும் எண்ணெய்க் கலவை மாறாதிருந்தால்தான் பயன்தரும். இரு வீச்சு இயந்திரத்தின் பிஸ்டனுக்கும் வளைதண்டுக்கும் உயவு தருவது பெட்ரோலோடு உட்செல்லும் எண்ணெயே. யமஹா நிறுவனம் 1964ஆம் ஆண்டில் எண்ணெயைத் தனிப் பம்பு மூலம் செலுத்தும் முறையைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. எனினும் பந்தய ஸ்கிராம்பிளர்களுக்கும் நம் தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரங்கள் பலவற்றுக்கும் கையால்தான் கலக்க வேண்டும். பாலை உறைய வைக்க அமிலத்தை அளந்து ஊற்றும் நம் தோழர்கள், இந்த எண்ணெயை மட்டும் கண்ணளவாக ஊற்றுவது ஏனோ தெரியவில்லை! 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். 40க்கு 1 என்றால் 25. 25க்கு 1 என்றால் 40. எது தேவை என்பதை இயந்திரத்தின் கையேடு கூறும். இரு வீச்சு இயந்திரத்துக்கென விற்கப்படும் எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். முதலில் பாதிப் பெட்ரோலில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, பின்னர் மீதியைச் சேர்ப்பது நன்று.

"எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் இயந்திரத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு" என்று சொல்வோர் உளர். ஜெட்டின் துளை பெரிதாவதில்லையே! எண்ணெய் கூடினால் அத்துளை வழியே செல்லும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். எரியும் கலவை சிறிது மெலியும். பாதுகாப்பை நாடிச் செய்தது சூட்டையே கூட்டலாம்.

மலையிறங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு; சரியான ஜெட் பொருத்தியவர்களுக்கும் இது பொருந்தும். கைப்பிடியை முற்றிலும் மூடி, கியரின் இழுவையிலேயே நெடுந்தொலைவு இறங்கினால் இயந்திரம் வேகமாகச் சுழலும்; பெட்ரோலோ மிகச் சிறிதே செல்லும்; அதனுடன் வரவேண்டிய எண்ணெயும் வாராது. ஆகையால் அவ்வப்போது கிளட்சைப் பிடித்துக் கைப்பிடியை ஒருமுறை திறந்து மூட வேண்டும். இதற்காக நியூட்ரலில் உருள விடுவது பெருந்தவறு. பிரேக் சூடேறிப் பிடி தளரும். இரு விரல்கள் எப்போதும் கிளட்சின் மேல் இருக்கட்டும். இயந்திர ஒலி திடீரெனக் கம்மினால் உடனே கிளட்சைப் பிடித்து, ஓரமாக நிறுத்தி, ஆறவிட வேண்டும்.

எரிபொருள் பீச்சுமுறை கொண்ட இன்றைய நான்கு வீச்சு வண்டிகளில் உயரத்துக்கேற்பக் கலவை தானே திருந்திக்கொள்ளும். அவற்றை வைத்திருப்போருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால், கீழே இறுக மூடிய பெட்ரோல் டின்னை மேலே கொண்டு செல்வோர் எவராயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலையில் காற்றழுத்தம் குறைவதால் டின் உப்பியிருக்கும். அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தொலைவில் வைத்து மெல்லத் திறக்க வேண்டும்.

நாம் சந்தித்த இளைஞர் லயத்து வாசலிலேயே அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய ஜெட்டை மாட்டினார். சிறியதை அதே செய்தித்தாளில் சுற்றி அக்காள் கணவரிடம் திருப்பிக் கொடுத்தார். வண்டி மறுபடியும் புகை கக்கி, முனகிக்கொண்டே தானா ராத்தாச் சாலையில் இறங்கிச் சென்றது.