வீட்டில் கட்டும் விமான இறக்கை

விமானத்தைப் பெரிய தொழிற்சாலையில்தான் செய்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் பலர் வீட்டுக் கார் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுகிறார்கள். பாகங்களை நிறுவனம் பெட்டிகளில் அனுப்பும். பொருத்துவது வாங்கியவரின் வேலை. ஆர்.வி.-7 என்பது அப்படிப்பட்ட ஒரு விமானம். அதில் இரண்டு பேர் அமரலாம். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 25 அடி.

இறக்கைக்குள் என்ன இருக்கிறது? ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். விட்டம், கைமரம், மேலே ஓடு. இறக்கையிலும் நீளவாட்டில் ஒரு விட்டம் உண்டு. பாரத்தின் பெரும்பகுதியை அதுவே தாங்கும். அதன் குறுக்கே வளைந்த அலுமினியச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். இறக்கைக்கு உருவம் தருபவை அவைதாம். மேலும் கீழும் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்துவார்கள்.

எல்லாவற்றையும் பிணைப்பது ரிவெட் என்னும் சிறு ஆணி. ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. துளையிட்டதும் ஓரத்தில் பிசிறு நிற்கும். விரலால் தடவினால் தெரியும். அதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? பறக்கும்போது இறக்கை ஓயாமல் வளைந்து நிமிரும். பிசிறு உள்ள இடத்தில் விரிசல் தொடங்கும். அது மெல்ல நீளும். ஆகவே எல்லாத் துளைகளையும் வழவழப்பாக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்த விமானத்தில் ஏறப் போகிறவரும் அவர்தானே!

பிறகு துளையைச் சுற்றிச் சிறு குழி அழுத்துவார்கள். ரிவெட்டின் தலை அதில் பதிந்து தகட்டோடு சமமாகிவிடும். 2023இல் ஒரு நிறுவனம் அனுப்பிய சில பாகங்களில், குழி அழுத்தும்போதே துளையோரம் விரிசல் கண்டது. அவை லேசர் ஒளியால் வெட்டிய துளைகள். பாகங்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று.

ரிவெட் அடிக்கப் பெரும்பாலும் இருவர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் அடிப்பார். மற்றவர் உள்ளே கைவிட்டு, கனமான இரும்புத் துண்டை முட்டுக் கொடுப்பார். கணவன் அடிக்க மனைவி முட்டுக் கொடுப்பதும் உண்டு. கை பிசகினால் தகடு நசுங்கும்.

பெட்ரோல் தொட்டியும் இறக்கையின் முன்பகுதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 80 லிட்டர் பிடிக்கும். அதன் இணைப்புகளில் ஒருவகைப் பசை தடவுவார்கள். கையில் ஒட்டினால் லேசில் போகாது. பசை காய்ந்ததும் தொட்டியின் வாயில் ஒரு பலூனை மாட்டி, காற்றடைத்து வைப்பார்கள். பலூன் சுருங்கினால் கசிவு இருக்கலாம். குளிர்ந்தாலும் பலூன் சற்றுச் சுருங்கும்; அவசரப்படக் கூடாது. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். குமிழி வரும் இடத்தில் மீண்டும் பசை வைப்பார்கள். மறுபடியும் பலூனை மாட்டுவார்கள்.